அப்பாவின் கைத்தடி

1/
எங்க ஊரு சேத்தியாத்தோப்பு. பனின்னா எங்களுக்கு மார்கழி விடியக்காலையில வெள்ளாத்துப் பக்கம் இறங்குற மூடுபனிதான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் பனிச்சறுக்குல ஆரம்பிக்கிறேன். பொறுமையா படிங்க, உங்க வீட்டுப் பெரியவர்கிட்ட வந்துதான் முடியும்.

2/
பனி இல்லாத மாசங்கள்ல ஸ்கி வீரர்கள் 'ரோலர் ஸ்கி'யில பயிற்சி எடுப்பாங்க. சக்கரம் வச்ச பட்டையைக் காலில் மாட்டி, ரெண்டு கையிலும் கம்பு ஊன்றி, தார் ரோட்டில் போவாங்க. அந்தக் கம்பு ஆளோட உயரத்துக்கு ஏத்ததா இருக்கணும். 'கிளாசிக்' முறைப் போட்டியில, ஷூவோட அளந்த உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு விதியே உண்டு. 170 செ.மீ. ஆளுக்கு 141 செ.மீ.

3/
இப்போ என் கதை. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். பரண்ல இருந்த தாத்தாவோட கைத்தடியை எடுத்து ஊன்ற ஆரம்பிச்சார். தாத்தா ஆறடி. அப்பா அஞ்சே கால் அடி. நானும் பார்த்துட்டு, "நல்லாருக்குப்பா"ன்னேன்.

ரெண்டு மாசத்துல தோள்பட்டை வலின்னார். வலி மாத்திரை கொடுத்தேன். ஒருநாள் வாசப்படியில தடுமாறி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது.

4/
பிசியோதெரபிஸ்ட் சகோதரி எக்ஸ்ரேயைப் பார்க்கல. மூலையில சாத்தியிருந்த தடியைப் பார்த்தாங்க. "சார், இது யாரோட தடி?"

டாக்டருக்குப் படிச்ச எனக்கு பதில் வரல.

5/
அளக்குறது ரொம்ப சுலபம்:

• வழக்கமா போடுற செருப்போட நேரா நிக்கச் சொல்லுங்க. கையைத் தளர்வா தொங்கவிடணும்.
• மணிக்கட்டு மடிப்புலேருந்து தரை வரைக்கும் உள்ள தூரம்தான் தடியோட உயரம். அடியில மாட்டுற ரப்பரும் அதுல சேர்த்தி.
• தடியைப் பிடிச்சு நிக்கும்போது முழங்கை லேசா, சுமார் 20 டிகிரி மடங்கியிருக்கணும்.

தடி அதிக உயரமா இருந்தா தோள் தூக்கிக்கும், பாரம் இறங்காது. குட்டையா இருந்தா முதுகு கூனும்.

6/
எந்தக் கையில பிடிக்கணும்? வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில. வலது மூட்டு வலின்னா தடி இடது கையில. வலிக்கிற காலை வைக்கும்போதே தடியையும் வச்சாத்தான் அந்தக் காலோட பாரத்தைப் பங்கு போட்டுக்கும். நிறைய பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறாங்க. அப்பாவும் அப்படித்தான்.

படி ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதல்ல.

அடியில ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருந்தா உடனே மாத்துங்க. ஈரத் தரையில வழுக்கும்.

7/
அக்குள் கட்டைக்கும் அளவு உண்டு. அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடைவெளி வேணும். பாரம் உள்ளங்கையில இறங்கணும். அக்குள்ல சாஞ்சே நடந்தா நரம்பு அழுந்தி, மணிக்கட்டைத் தூக்க முடியாம போயிடலாம்.

8/
தாத்தா தடியை அறுத்துடலாமான்னு கேட்டேன். "அது அவரு உயரம்டா, அப்படியே இருக்கட்டும்"னார் அப்பா. உயரம் கூட்டிக் குறைக்கிற அலுமினியத் தடி ஒண்ணு வாங்கி, நானே மண்டி போட்டு அளந்து வச்சேன். தாத்தா தடி மறுபடியும் பரணுக்குப் போயிடுச்சு.

இன்னிக்கு சாயங்காலம் உங்க வீட்டுப் பெரியவரை நிக்க வச்சு ஒரு தடவை அளந்து பாருங்க. ரெண்டே நிமிஷம்தான் ஆகும்.