அணிலைக் காணப் புறப்பாடு

மலைக் கொரில்லாவைக் காணச் சீமான்கள் ருவாண்டாவுக்குப் போகிறார்கள். சிவகாசிவாசிகளான நாமோ, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புக்குச் சென்று சாம்பல் நிற மலை அணிலைத் தரிசிப்பதென்று தீர்மானித்தோம்.

1988-இல் சரணாலயமான அக்காடு, 2021 முதல் புலிகள் காப்பகமுமாகும். ஆகவே வனத்துறையின் அனுமதி கேட்டாயிற்று. வழிகாட்டி ஒருவரும் கிடைத்தார்.

அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: "சத்தம் கூடாது." வெடிச் சத்தத்தை விற்றுப் பிழைக்கும் ஊராருக்கு இது லேசான காரியமா?

காரணமும் கூறினார். கிளைகள் கோத்துக்கொள்ளும் உச்சியில் கூடு கட்டும் அப்பிராணி, அரவம் கேட்டால் மரத்துக்கு மரம் தாவி மறைந்துவிடுமாம். மரங்களை வெட்டி அதன் பாதையை மனிதர் அறுத்தது போதாதா, என்றார்.

கேட்டிருந்த நமது இளைய குமாரன், சட்டைப்பையிலிருந்த ஓலை வெடிகளை எடுத்து மௌனமாக அலமாரியில் வைத்தான். பிரயாண ஏற்பாடு அப்போதுதான் பூர்த்தியாயிற்று.