ஆல் பாஸ் ஆனவனின் அரியர் புராணம்

போன வாரம் அரியர் ஃபீஸ் கட்டினேன். கார்ப்பரேட் அக்கவுண்டிங். (சிரிக்காதீர்கள். அந்தப் பேப்பரில் விழுந்தவன் எங்கள் வகுப்பில் நான் மட்டும் இல்லை.) கட்டிவிட்டு மயிலாப்பூர் மாடவீதி பக்கம் நண்பன் ஒருவனோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "மச்சி, இன்னொரு கொரோனா வந்தா நல்லா இருக்கும்டா. உன் அரியர் தானா கிளியர் ஆயிடும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர்கூடச் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. 2020ல் நான் பத்தாம் வகுப்பு. அதற்கு முந்தைய டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். தினமும் காலையில் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார். எண்ணெய் இல்லாத பத்தியச் சாப்பாடு. எழுந்து போய் எழுதிய அரையாண்டில் கணக்கில் 31. வகுப்பு ஆசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுடா, மார்ச்ல பாத்துக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஜனவரியிலிருந்து படித்தேன். அப்படி ஒரு படிப்பை அதற்கு முன்னும் படித்ததில்லை, பின்னும் படித்ததில்லை (பின்னும் படித்திருந்தால் இந்த அரியர் ஏன்?). மார்ச் 27ல் தேர்வு ஆரம்பிக்க வேண்டும். 25ல் ஊரடங்கு வந்துவிட்டது. அந்த வருடம் கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் தேரே வீதிக்கு வரவில்லை, எங்கள் தேர்வு எங்கிருந்து வரும்? அப்புறம் ஜூன் 1 என்றார்கள். அப்புறம் ஜூன் 15 என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் முதல் பாடத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். ஜூன் 9ஆம் தேதி தேர்வு ரத்து, எல்லோரும் பாஸ் என்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். எங்கள் தெருப் பையன்கள் மொட்டை மாடிகளில் நின்று விசில் அடித்தார்கள். நானும் மாடியில்தான் இருந்தேன். விசில் வரவில்லை.

மார்க் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம். என் கைவசம் எது எது மோசமோ, அது அதுவே கணக்கில் வந்தது. ஆகஸ்ட் 10ஆம் தேதி முடிவு வந்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதாத தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி. என் கணக்கு மார்க்குக்குப் பதினொன்றாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கவில்லை. காமர்ஸ் கிடைத்தது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஜூன் மாதம் சென்னை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 19ஆம் தேதியிலிருந்து 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். சொன்னபடி தேர்வு நடந்திருந்தால் பாதித் தேர்வு அதற்குள்தான் வந்திருக்கும். எங்கள் வீட்டில் எண்பது வயதுப் பாட்டி இருந்தார். நான் ஹாலுக்குப் போய் அவருக்கு எதையாவது கொண்டுவந்திருந்தால்? அதனால் ரத்து சரிதான். காமர்ஸும் இப்போது பிடித்துவிட்டது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்தது அண்ணன் கதை. அடையாறில் இருக்கும் என் பெரியம்மா பையன். அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான், கையில் மூன்று அரியர். 2020 ஆகஸ்ட் 26ஆம் தேதி இன்னொரு அறிவிப்பு வந்தது. கடைசிப் பருவத் தேர்வு தவிர, அரியர் தேர்வுக்குப் பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் எழுத வேண்டியதில்லை, பாஸ். ஊரே கொண்டாடியது. போஸ்டர் ஒட்டினார்கள், மீம்கள் குவிந்தன. பெரியம்மா வீட்டில் கேசரி.

நான் அப்போதுதான் காமர்ஸ் குரூப்பில் சேர்ந்த புதுசு. இன்றைக்கு அந்த அறிவிப்பைத் திரும்பப் பார்த்தால் என் கண்ணில் முதலில் படுவது 'பணம் கட்டியவர்களுக்கு' என்ற வார்த்தைதான். அண்ணனோடு படித்த ஒருவனின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். ஊரடங்கில் வண்டி ஓடவில்லை, அவன் ஃபீஸ் கட்டவில்லை. அதே வகுப்பு, அதே பேப்பர். கட்டியவன் பாஸ், கட்டாதவன் அரியர். பாடம் தெரியுமா என்று இரண்டு பேரையுமே யாரும் கேட்கவில்லை. ரசீது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தச் சந்தோஷத்தைக் கல்வித்துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்த்தது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமி உயர் நீதிமன்றத்துக்கே போனார். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் எழுதிய 'ஆன்சி சி' புத்தகம் இல்லாத இன்ஜினியரிங் மாணவன் வீடு அபூர்வம். அண்ணன் அலமாரியிலும் இருந்தது, முதுகில் செல்லோ டேப் ஒட்டி. அவனுக்கு இருந்த மூன்று அரியரில் ஒன்று அந்தப் பாடம்தான் :-)

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இதற்கு நான் போனது தி. நகரில் எனக்கு அக்கவுண்ட்ஸ் சொல்லித்தரும் சாரிடம். ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர், சட்டமும் படித்தவர். பெயர் போட்டால் திட்டுவார், அதனால் சார் என்றே வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை, பாண்டி பஜார் இன்னும் விழிக்காத நேரம். டீக்கடையில் நண்பன் சொன்னதைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உக்காரு" என்றார். அப்படியென்றால் ஒரு மணி நேரம் என்று அர்த்தம்.

சார் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் தருகிறேன். கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மட்டும் ஆரம்பத்திலிருந்தே மத்தியப் பட்டியலில் 66ஆவது இனம். அந்த அதிகாரத்தில் பிறந்ததுதான் 1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டம். கொரோனா வந்தபோது மாநிலங்கள் கையில் எடுத்தது வேறு சட்டம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். கடைசி வருட மாணவர்களுக்கு செப்டம்பர் 30க்குள் தேர்வை முடியுங்கள் என்று யு.ஜி.சி. 2020 ஜூலை 6ல் சொன்னது. முடியாது என்றன சில மாநிலங்கள். யார் சொல்வது செல்லும்?

"ஆகஸ்ட் 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு" என்றார் சார். அண்ணன் வீட்டில் கேசரி கிண்டி இரண்டாவது நாள்! "உயிருக்கு ஆபத்துன்னா ஸ்டேட் தேதியைத் தள்ளலாம். யு.ஜி.சி. சொன்ன தேதியில வைக்க முடியாதுன்னு சொல்லலாம், டைம் கேக்கலாம். ஆனா பேரிடர் சட்டத்தை வெச்சுக்கிட்டு, பரீட்சை இல்லாம கடைசி வருஷத்துப் பையனைப் பாஸ்னு சொல்ல முடியாது. தள்ளிப்போடற அதிகாரம் வேற, பாஸ் போடற அதிகாரம் வேற."

"அப்ப மாநில உரிமை என்ன ஆறது சார்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. எனக்கே 1976ல பண்ணது பிடிக்காது. டெல்லில உக்காந்துக்கிட்டு ஒரே தேதியை எல்லா ஊருக்கும் போட்டா, சென்னையில கொரோனா எப்படி இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதுல ஸ்டேட்தான் சரி. ஆனா அந்த உரிமையை எதுக்குப் பயன்படுத்தறோம்னு ஒண்ணு இருக்குல்ல? எலெக்‌ஷனுக்கு எட்டு மாசம் இருக்கு. பரீட்சையைத் தள்ளி வெச்சா எவன் போஸ்டர் ஒட்டுவான்?"

அந்தத் தேர்தல் 2021 ஏப்ரல் 6ல் நடந்தது. அதே மாதம்தான் சென்னை உயர் நீதிமன்றமும், தேர்வே இல்லாமல் அரியரைத் தேர்ச்சி ஆக்குவதை ஏற்க முடியாது, ஏதாவது ஒரு வடிவத்தில் தேர்வு வைக்க வேண்டும் என்றது. வாக்குப்பதிவு முடிந்திருந்தது. கேசரி எப்போதோ செரித்திருந்தது. ஏழு மாதம் பாஸ் என்று நினைத்துக்கொண்டிருந்த அண்ணன் மறுபடி அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டினான்.

சார் இன்னொன்றும் சொன்னார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஆன்லைன் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்தியிருக்கிறார். மாணவர்கள் வீட்டில் எழுதி, போனில் படம் எடுத்து அனுப்பியவை. பல தாள்கள் ஒரே மாதிரி, வரிக்கு வரி. "காப்பிதான். தெரியாதா எனக்கு?" என்றவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஒருத்தன் பேப்பர் மட்டும் ஞாபகம் இருக்கு. படத்தோட ஓரத்துல எலக்ட்ரானிக் தராசு தெரிஞ்சுது. எல்லாப் பக்கத்துலயும். மளிகைக் கடை கல்லாவுல உக்காந்து, ஆளுக்குச் சாமான் போட்டுக்கிட்டே எழுதியிருக்கான். பாதிப் பதில்தான் இருந்துது. ஆனா அவனே எழுதினது. தப்புகூட அவனோட தப்பு."

"மார்க் போட்டீங்களா சார்?"

"எழுதினதுக்குப் போட்டேன். கூட ரெண்டு போடணும்னு கை பரபரத்துச்சு. போடலை. போட்டிருந்தா அவன் எழுதினதை நான் படிக்கலைன்னு ஆயிடும்."

எத்தனை வருடமாக என்னை உறுத்துவது என்ன என்று அங்கேதான் புரிந்தது. எங்கள் அப்பாவுக்கு மேட்சிங் ப்ளவுஸ் துணிக் கடை. ஊரடங்கில் விழுந்த கடையைத் தூக்க, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு வருடம் நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். (அதனால்தான் கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள், நான் இன்னும் படிக்கிறேன்.) அந்தத் தராசுப் பையன் இருந்த இடம் எனக்குத் தெரியும். அவனிடம் ஒருவர் கேள்வி கேட்டார், அவன் சொன்ன பதிலைப் படித்தார். ஜனவரியிலிருந்து ஜூன் வரை நான் தயார் செய்து வைத்திருந்த பதில்களை ஒருவரும் கேட்கவே இல்லை. கேட்காமலே பாஸ் என்றார்கள். காய்ச்சலில் எழுதிய 31ஐ என் பெயருக்கு நேரே எழுதி வைத்தார்கள்.

அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையும் புதிய அரசு ரத்து செய்தது. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று மார்க் போட்டார்கள். ஆனால் அப்போது ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள்: இந்த மார்க் போதாது என்று நினைப்பவர்கள், நிலைமை சரியானதும் தேர்வு எழுதிக்கொள்ளலாம். எவ்வளவு பேர் அந்தக் கதவு வழியாகப் போனார்கள் என்பது முக்கியமே இல்லை. எனக்கு அப்படி ஒரு கதவு இருந்திருந்தால் போயிருப்பேன். மாஸ்க் போட்டுக்கொண்டு, டிசம்பரில் வைத்தாலும், மைதானத்தில் பெஞ்ச் போட்டு வைத்தாலும் போயிருப்பேன்.

அண்ணன் மூன்று பேப்பரையும் ஆன்லைனில் எழுதிப் பாஸ் ஆனான். "பக்கத்துல புக்கு இருந்துச்சுடா. ஆனா எந்தப் பக்கம்னு தெரியணும்ல? அதுக்கே ஒரு மாசம் படிச்சேன்" என்றான். முதல் இன்டர்வியூவில், "கொரோனா பேட்ச்சா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு புரோகிராமைப் பேப்பரில் எழுதச் சொன்னார்களாம். எழுதினான். இப்போது வேலையில் இருக்கிறான். அந்தச் சிரிப்பை மட்டும் இன்னமும் சொல்லிக்காட்டுகிறான்.

நண்பனுக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போது தெரிகிறது. மச்சி, வேண்டாம்டா. ஒருமுறை கேட்காமல் விட்டார்கள், போதும். இந்தமுறை கேட்கட்டும்.

பின்குறிப்பு: தேர்வுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. ஹோல்டிங் கம்பெனி கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை. தெரிந்தவர்கள் யாராவது மயிலாப்பூர் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், டீ என் செலவு.