முத்திரை யார் கையில்?

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, அக்காவின் மகன் ஒரு கோப்போடு தோர்ண்டன் ஹீத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். மின்சாரத்தில் இயங்கும் இடியப்ப உரல் ஒன்றை வடிவமைத்திருந்தான். குவாங்டொங்கில் ஒரு தொழிற்சாலைக்காரர் அதைச் செய்து தர ஆயத்தம். அங்கேயே பாதிக்குப் பாதி பங்கில் ஒரு கூட்டுக் கொம்பனி பதியவேண்டும் என்பது அவர் விருப்பம். மருமகனின் பாதியில் கொஞ்சத்தை நான் போடவேண்டும்.

கடைகளுக்குக் கணக்கெழுதிப் பழகியவன் நான். அவனுக்கு இரண்டு கதைகள் சொன்னேன்.

பிரான்சின் டனோன் 1996இல் வாஹாஹா என்ற சீனப் பானக் கொம்பனியோடு கூட்டுச் சேர்ந்தது. பின்னர் 51 வீதப் பங்கும் அதன் கைக்கு வந்தது. ஆனால் வாஹாஹா என்ற பெயரைக் கூட்டுக் கொம்பனிக்கு மாற்ற அரச அலுவலகம் சம்மதிக்கவில்லை. கூட்டுக்கு வெளியேயும் அதே பெயரில் பானங்கள் விற்பனையாகின. 2007இல் வழக்குகள் தொடங்கின. 2009இல் டனோன் தன் பங்கை விற்று வெளியேறியது.

மற்றது கேம்பிரிட்ஜின் ஆர்ம். 2018இல் தன் சீனக் கிளையின் 51 வீதத்தைச் சீன முதலீட்டாளர்கள் தலைமையிலான குழுவுக்கு விற்றது. 2020இல் இயக்குநர் சபை ஏழுக்கு ஒன்று என வாக்களித்து, தலைவர் அலன் வூவை நீக்கியது. அவர் போகவில்லை. அங்கே கையெழுத்தைவிடக் கொம்பனி முத்திரைக்குத்தான் மதிப்பு. முத்திரை அவர் கையில். பதிவேட்டில் சட்டப் பிரதிநிதியாக இருந்ததும் அவர் பெயர்தான். விவகாரம் 2022 வரை இழுபட்டது.

“அப்ப சீனரோட சேரக்கூடாது எண்டு சொல்லுறீங்களோ, மாமா?”

“கவனம் எண்டு சொல்லுறன்.”

“உங்கட கடை போனது ஆரால? சீனராலயோ?”

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கடையை ஊர்க்காரர் ஒருவரோடு பாதிப் பங்கில் தொடங்கினேன். குத்தகை அவர் பெயரில், வங்கிக் கணக்கும் அவர் பெயரில். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். எழுதித் தரச்சொல்லிக் கேட்பது மரியாதையில்லை என்று இருந்துவிட்டேன். ஆறாம் வருடம் கணக்குக் கேட்டபோது, எனக்கு அங்கே பங்கிருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. முன்பின் தெரியாத சீனர் ஒருவர் பங்காளியாக இருந்திருந்தால் முதல்நாளே கேட்டிருப்பேன்.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. கோப்பைத் திரும்பத் திறந்தோம். உரலின் பெயரைச் சீனாவில் யார் பதிவது? அங்கே முதலில் பதிபவருக்கே பெயர் சொந்தம். முத்திரை யாரிடம் இருக்கும்? சட்டப் பிரதிநிதி யார்? பாதிக்குப் பாதியில் பிணக்கு வந்தால் எங்கே தீர்ப்பது? அல்லது கூட்டே வேண்டாம், உரலைச் செய்வித்து வாங்கினால் போதாதா? எல்லாவற்றையும் எழுதி அனுப்பினான்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. பாதிக் கேள்விகளுக்குத்தான் பதில். கீழே அவரும் தன் கேள்விகளை எழுதியிருந்தார். முதலாவது, லண்டனில் விற்ற காசு யார் பெயரிலுள்ள கணக்கில் விழும் என்பது.

நான் இன்னும் காசு போடவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு அந்த மனிதரில் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்திருக்கிறது.