எக்சோசோம் ஊசி: ஒரு நண்பருக்குச் சொன்னது

போன வாரம் அம்மா மண்டபம் படித்துறையில், என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர் செல்போனை நீட்டினார். "சார், நீங்க பயாலஜி வாத்தியார். இது நிஜமான்னு சொல்லுங்க."

எக்சோசோம் ஊசி விளம்பரம். ஆறு ஊசி, நாலு லட்சம். பக்கவிளைவே இல்லாத இம்யூனோதெரபியாம். அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். மூன்று கீமோ முடிந்திருக்கிறது. நாலாவதை விட்டுவிட்டு, வளையல்களை அடகு வைத்து இதற்குப் போகலாமா என்று யோசனை.

இரண்டு நாள் டயம் கேட்டேன். முப்பது வருடம் செல் பாடம் நடத்தியவன். இந்தப் பெயரை ஒருநாளும் போர்டில் எழுதியதில்லை. உட்கார்ந்து படித்தேன்.

நம் செல்கள் வெளியே அனுப்பும் நுண்ணிய பைகள்தான் எக்சோசோம். சுமார் பத்தாயிரத்தை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜான்ஸ்டோன், செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்களில் இவற்றை ஆராய்ந்து, 1987-இல் இந்தப் பெயரை வழங்கினார். செல் கொட்டும் குப்பை என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், இதற்குள் ஆர்.என்.ஏ. செய்தி போவதைக் காட்டினார்கள். குப்பை வண்டி இல்லை, தபால்காரர்!

அப்படியானால் அந்தப் பையில் மருந்தை வைத்து அனுப்பலாமே? முயற்சி நடக்கிறது. நோயாளியின் நோயெதிர்ப்புச் செல்களிலிருந்து எடுத்த எக்சோசோம்களை அவருக்கே செலுத்திய முதல் சோதனைகளின் முடிவு 2005-இல் வந்தது. பெரிய கெடுதல் இல்லை. பலன் ஒருசிலரிடம் மட்டும். புற்றுக்கட்டியும் இதே தபாலில் செய்தி அனுப்பி நம் டி செல்களை மந்தமாக்குகிறது என்று 2018-இல் தெரிந்தது. அனுமதி பெற்ற எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019-இல் எச்சரித்தது. புற்றுநோய்க்கு இன்றும் அது சோதனையில்தான் இருக்கிறது.

"அப்ப பொய்யா சார்?"

"ஆராய்ச்சி பொய்யில்ல. பஸ் இன்னும் சத்திரத்தை விட்டே கிளம்பல. ஸ்ரீரங்கம் வந்துட்டதா சொல்லி டிக்கெட் விக்கிறாங்க."

கொஞ்ச நேரம் காவிரியையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நாலாவது கீமோவுக்குப் போனார்கள். நானும் துணைக்குப் போனேன்.

நண்பர்களே, இப்படி விளம்பரம் வந்தால் முதலில் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். சோதனை என்று சொன்னால், சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சோதனை மருந்துக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். நடக்கிற சிகிச்சையை மட்டும் நிறுத்தாதீர்கள்.