இறுகிய சக்கரம்

பழுதடைந்தவை என்று நாம் ஒதுக்கும் பொருள்களுள் பல, உண்மையில் இறுகிப்போனவையே. எங்கள் வீட்டுக் கைத்தையல் இயந்திரம் இதனை உணர்த்திற்று.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் சிங்கர் நிறுவனம் செய்த இயந்திரம் அது. 1885இல் இயங்கத் தொடங்கிய அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது; அருகிலுள்ள இரயில் நிலையம் மட்டும் இன்றும் 'சிங்கர்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. தந்தையார் மறைந்தபின், இதன் கைப்பிடியைச் சுழற்றித்தான் அம்மா எங்களைப் படிக்கவைத்தார்.

சக்கரம் அசையாமற்போய்ப் பல்லாண்டுகள் ஆயின. "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்றனர் உறவினர். அம்மா மறுமொழி கூறவில்லை. அந்த மௌனமே எங்களைப் பணியில் இறக்கியது.

முன்பு இட்ட தேங்காயெண்ணெய் பிசினாய் உறைந்திருந்தது. எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விட்டுக் காத்திருந்தோம். வலிந்து திருப்பினால் உறுப்புகள் முறியக்கூடும். ஆதலால் முன்னும் பின்னுமாய் மெல்ல அசைத்தோம். பொன்வண்ணப் பூவேலை அழியாதிருக்க, வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் மட்டுமே துடைத்தோம். நான்காம் நாள் சக்கரம் முழுச்சுற்றுச் சுற்றியது. பற்களிடையே அடைந்த பஞ்சை அகற்றி, தையல் இயந்திர எண்ணெய் இட்டு, புது ஊசி பொருத்தினோம்.

படகு வடிவ ஓடத்தில் நூல் கோக்கும் முறையோ எங்களில் எவருக்கும் தெரியாது. பார்வை மங்கிய அம்மா அதை வாங்கி, விரலால் தடவியே நூலைப் பிளவில் நுழைத்து, வில்தகட்டின் கீழ் இழுத்தார். எங்களைச் சுழற்றப் பணித்துவிட்டு, துணியைத் தாமே வழிநடத்தினார். தையல் நேராக விழுந்தது.

முதியோரையும் நாம் இயலாதவர் என்று விரைவில் எண்ணிவிடுகிறோம். அவர்கள்பால் வேண்டுவது வலிந்த கை அன்று. சொட்டுச் சொட்டாய்ப் பெய்யும் பரிவும், காத்திருக்கும் பொறுமையுமே.