எடை குறைந்த தொப்பியும் கறுத்த நகங்களும்

சட்டை தைக்க வேண்டுமென்றால் முதலில் துணி எடுக்கிறோம், பிறகுதான் தையல்காரரைத் தேடுகிறோம். தொப்பிக்கும் அதே வரிசைதான் என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. பயணங்களுக்கென்று முன்பு வாங்கிய ஒரு ஃபெடோரா, ஒரே ஒரு பெருமழையில் நனைந்து சுருங்கி, நெற்றியில் தழும்பு விழும் அளவுக்கு இறுகிப்போனது. "லேசான தொப்பி" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது மலிவான கம்பளி ஃபெல்ட். கையில் லேசாக இருந்ததற்குக் காரணம் அதன் மெலிவு. எடை குறைவு வேறு, மெலிவு வேறு. இந்த வேற்றுமையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் போர்ச்சுகலுக்குப் போனபோது சாவோ ஜோவாவோ த மதெய்ராவுக்குச் சென்றேன்.

போர்ட்டோ நகருக்குத் தெற்கே, ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தொழில் ஊர் அது. தொப்பியும் செருப்பும் பென்சிலும் செய்து வளர்ந்த ஊர். 1914-இல் தொடங்கி 1995-இல் மூடப்பட்ட பெரிய தொப்பி ஆலை ஒன்றின் கட்டடம், 2005 முதல் தொப்பி அருங்காட்சியகமாக இருக்கிறது. இயந்திரங்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கும் காட்சிக்கூடம் என்று நினைத்துப் போனேன். ஆனால் எனக்கு அவற்றை விளக்கியவர் அந்தத் தொழிலிலேயே வாழ்ந்து ஓய்வுபெற்ற முதியவர். உடன் வந்த வழிகாட்டி மொழிபெயர்த்தார்.

ஃபெல்ட்டுக்குப் பாவும் கிடையாது, ஊடும் கிடையாது. நம் ஊரில் தலைமுடி சடைபிடிப்பது போலத்தான் அது உருவாகிறது. ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஒருமுறை கவ்வினால் விடுவதில்லை. ஆட்டுக் கம்பளியிலும் இது நடக்கும். ஆனால் முயலின் அடிரோமமும் பீவர் என்னும் கொறிவிலங்கின் அடிரோமமும் இன்னும் நுண்ணியவை, இன்னும் நெருங்கிப் பின்னுகின்றன. அதனால்தான் மெல்லிய தகடாக இருந்தும் மழையைத் தாங்குகின்றன.

பெரியவர் ஒரு பழைய இயந்திரத்தின் முன்னே நின்றார். துளைகள் நிறைந்த உலோகக் கூம்பு ஒன்று சுழல்கிறது. உள்ளிருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. வெளியே பறக்கவிட்ட ரோமம் பனிபோல அதன்மேல் படிகிறது. வெந்நீர் தெளித்து அதை உரித்தெடுத்தால் தொளதொளவென்று ஒரு பெருங்கூம்பு கிடைக்கும். தொப்பியாகப் போகும் அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கும். மூச்சு விட்டாலே கிழியும் என்று தோன்றும். அதை வெந்நீரில் நனைத்து, சுருட்டி, அழுத்தி, பிரித்து, திசை மாற்றி மறுபடி சுருட்டி, மறுபடி அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கவைக்க வேண்டும். சுருங்கச் சுருங்க வலு ஏறும். எடை கூடாமல் வலு கூடுகிற இடம் இதுதான். இயந்திரங்கள் வருவதற்கு முன் இதை மனிதக் கைகள் கொதிநீரில் செய்தன.

இந்த ஊரின் தொப்பித் தொழிலாளர்களுக்கு 'உன்யஷ் நெக்ரஷ்' என்று பட்டப்பெயர். கறுத்த நகக்காரர்கள் என்று பொருள். வெந்நீரும் சாயமும் அவர்கள் நகங்களைக் கறுக்கவைத்தன. ஜோவாவ் த சில்வா கொரெயா என்ற எழுத்தாளர் இவர்கள் வாழ்வை நாவலாக்கி, 1953-இல் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்தார். இகழ்ச்சியாகச் சொல்லப்பட்ட பெயரை இன்று ஊர் மதிப்போடு சொல்கிறது.

நகம் கறுத்தது சிறிய துன்பம். தொப்பித் தொழில் நடந்த நாடுகள் பலவற்றிலும் ரோமம் எளிதாகப் பின்னிக்கொள்ள வேண்டும் என்று பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவினார்கள். அதிலிருந்து எழுந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, பல் ஆடியது, மனம் கலங்கியது. அமெரிக்காவில் தொப்பி நகரம் என்று பெயர்பெற்ற டான்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டது. அங்கே தொப்பித் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது 1941-இல்தான். இப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை அதன் இடத்துக்கு வந்துவிட்டன. பழைய தொப்பியின் மென்மையைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாவோ ஜோவாவோ த மதெய்ராவிலேயே ஃபெப்சா என்ற ஆலை இருக்கிறது. 1969-இல் தொடங்கியது. முழுத்தொப்பி செய்வதல்ல அதன் வேலை. மணி வடிவில் ஃபெல்ட் கூடுகளைச் செய்து, பல நாட்டுத் தொப்பிக்காரர்களுக்கு அனுப்புகிறது. ஒலிவா தையல் இயந்திர ஆலையின் பழைய கோபுரத்தில் இயங்கும் தொழிற்சுற்றுலா அலுவலகத்தில் முன்பதிவு செய்துகொண்டு உள்ளே போனேன். ஆவியும் இரைச்சலும் நனைந்த ரோமத்தின் வாடையும். ஈரக் கூம்பை விரித்துப் பார்க்கும் ஒரு தொழிலாளியின் அருகே நெடுநேரம் நின்றேன். மெலிந்த இடம் எங்கே, தடித்த இடம் எங்கே என்று அந்த விரல்கள் தடவிக் கண்டுபிடித்தன. சாயமேற்றி உலர்ந்த கூட்டை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குவது தனி வேலை. விறைப்புக்குச் சேர்ப்பது பெரும்பாலும் அரக்கு. நம் நாட்டு மரங்களில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு ஐரோப்பியத் தொப்பியின் விளிம்பை நிறுத்திவைக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு போர்ட்டோவில் ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். தொப்பி செய்பவர் ஐம்பது வயதைக் கடந்த அம்மையார். விலையைச் சொல்வதற்கு முன் அவர் கேட்டவை: எந்த ஊர்களுக்குப் போவீர்கள்? வெயில் அதிகமா, மழையா? தொப்பியைக் கழற்றினால் எங்கே வைப்பீர்கள்? பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் உருவான ஒரு கருவியை என் தலையில் பொருத்தினார். தலையின் வளைவை அது ஒரு சிறு அட்டையில் ஊசிப் புள்ளிகளாகக் குத்திக் காட்டியது. சுற்றளவு 57 சென்டிமீட்டர் என்ற ஓர் எண் மட்டும் போதாது. அதே 57 நீண்ட தலைக்கும் வரும், அகன்ற தலைக்கும் வரும். ஆயத்தத் தொப்பி பலருக்கு நெற்றியில் இறுகிப் பக்கத்தில் தொளதொளப்பது இதனால்தான்.

மூன்று கூடுகளை என் கையில் தந்தார். வளர்ப்பு முயல் ரோமம், காட்டு முயல் கலந்தது, பீவர் கலந்தது. "மடித்து அழுத்திவிட்டு விடுங்கள்" என்றார். முதலாவதில் மடிப்பின் தடம் கொஞ்ச நேரம் நின்றது. மற்ற இரண்டும் உடனே விரிந்துகொண்டன. பீவர் கலந்தது விரலுக்குப் பட்டுப்போல இருந்தது, விலையும் அதற்கேற்ப இருந்தது. எனக்குக் காட்டு முயல் கலந்ததே போதும் என்று அவரே சொன்னார். எடையைக் குறைக்க அவர் கூட்டின் தடிமனில் கை வைக்கவில்லை. உள்துணி வேண்டாம், விளிம்புக்கு ரிப்பன் கரை வேண்டாம், அரக்கு குறைவு, வியர்வைப் பட்டைக்கு மெல்லிய ஆட்டுத்தோல், விளிம்பு 6 சென்டிமீட்டர் என்று முடிவு செய்தார். பெட்டியில் சுருட்டி வைக்கலாமா என்று கேட்டேன். "அவசரத்துக்கு ஒருமுறை நசுங்கினால் ஆவி காட்டிச் சரிசெய்யலாம். வழக்கமாகச் சுருட்டினால் எந்த ஃபெல்ட்டும் களைத்துப்போகும்" என்றார். முடியாததை முடியாது என்று சொன்ன அந்த நொடியில் அவரையே அமர்த்திக்கொண்டேன்.

ஆவியில் இளக்கிய கூட்டை மர அச்சின்மேல் இழுத்துக் கயிறு கட்டி உலரவிட்டதைப் பார்த்தேன். சில வாரங்கள் கழித்துக் கைக்கு வந்த தொப்பி 100 கிராமுக்கும் குறைவு. இரண்டு மழைகளில் நனைந்தது. வியர்வைப் பட்டையை வெளியே மடித்து, தலைகீழாக வைத்து, அடுப்பிலும் வெயிலிலும் காட்டாமல் நிழலில் உலர்த்தினேன். அளவு மாறவில்லை.

தொப்பி செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஃபெல்ட் எந்த ரோமம், எந்த ஆலையில் செய்தது என்று கேளுங்கள். ஃபெல்ட்டின் தரத்தைக் காட்டுவதாகத் தொப்பிக்குள் அச்சிட்டிருக்கும் 'எக்ஸ்' எண்ணிக்கையை நம்பி வாங்காதீர்கள். அதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. தலையின் வடிவத்தை அளக்காமல் சுற்றளவை மட்டும் குறித்துக்கொள்பவரை விட்டு நகருங்கள். நல்ல தொப்பிக்காரர் தனக்குக் கூடு செய்து தந்தவர்களைப் பற்றித் தயங்காமல் சொல்வார். தலையில் எடை தெரியாமல் இருப்பதற்கு, கொதிநீரில் அந்தக் கூட்டைச் சுருக்கி இறுக்கியவர்களே காரணம் என்று அவருக்குத் தெரியும்.