நீலகிரியின் மறுபக்கத்தில் ஒரு வெள்ளைப் பூ

ஊட்டி என்றதும் தாவரவியல் பூங்கா, படகுச் சவாரி, மலை ரயில், வர்க்கி இவைதான் நமக்கு நினைவுக்கு வரும். ஸ்வெட்டர் இல்லாமல் நீலகிரியா என்பீர்கள். கூடலூர், தெப்பக்காடு வழியாக மசினகுடிக்கு இறங்கிப் பாருங்கள், ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவீர்கள்! மலை மழையை மறித்துக்கொள்வதால் இந்தப் பக்கம் முள்ளும் புதருமாக வறண்ட காடு. புள்ளிமான்கள் சாலையோரமே மேய்கின்றன.

என் தங்கை குடித்தனம் நடத்துவது இங்கேதான். மழை ஓயும் சமயத்தில் போயிருந்தேன். வீட்டைச் சுற்றி இடுப்பளவு செடி, நுனியெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. அவளுடைய நாலு வயசுப் பிள்ளை ஒரு கைப்பிடி பறித்து வந்து, "பெரியம்மா, பொக்கே!" என்று நீட்டினான்.

"ஐயோ, கீழே போடுடா!" என்று பதறிய தங்கை தன் மணிக்கட்டைக் காட்டினாள். தோல் தடித்து, கறுத்து, வெடித்திருந்தது. "சோப்பை மாத்தினேன், வளையலைக் கழட்டினேன், கேக்கலைக்கா. டாக்டர்தான் 'களை பிடுங்குவீங்களா'ன்னு கேட்டார். இந்தப் பார்த்தீனியம்தான் காரணமாம்."

மெக்சிகோ பக்கத்துச் செடி இது. நம் நாட்டில் 1950களில் புனே அருகே கண்ணில் பட்டது; பிறகு நாடெங்கும் பரவிவிட்டது. சூரியகாந்தி, சாமந்தி குடும்பம். நாம் ஒரு பூ என்று நினைப்பது பல குட்டிப் பூக்களின் கூட்டம். ஓரத்தில் உள்ள ஐந்து மட்டும் விதையாகும். ஐந்துதானே என்று எண்ணாதீர்கள். நன்றாக வளர்ந்த ஒரே செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும்!

முளைத்ததும் கேரட் இலை போன்ற இலைகளைத் தரையோடு தட்டாக விரித்து, பக்கத்தில் புல்லை வளர விடாது. மழை கிடைத்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். வறட்சி வருவதற்குள் விதையைக் கொட்டிவிட்டு மடியும். விதை மண்ணில் காத்திருக்கும்.

இலை, தண்டிலுள்ள மெல்லிய ரோமங்களில் பார்த்தினின் என்ற நஞ்சு இருக்கிறது. காய்ந்தால் தூசியாகப் பறக்கும். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. அடிக்கடி பட்டவர்களில் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். மகரந்தத்தால் தும்மலும் இழுப்பும் வரலாம். மாடு தின்றால் பால் கசக்கும்.

இதைத் தின்னும் ஒரு மெக்சிகோ வண்டை 1984ல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் நம் வாசலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி அவசியம். வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். பயிர் வைக்காத வெற்றிடமானால், லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்புக் கரைத்து வெயில் நாளில் தெளிக்கலாம். தோட்டத்தில் வேண்டாம், மண் கெட்டுவிடும். ஏற்கெனவே தடிப்பு உள்ளவர்கள் களை எடுக்கவே போகாதீர்கள். சிலருக்குச் சாமந்தி தொடுத்தாலும் அரிக்கும். அது ஒரே குடும்பம் என்பதால்தான். டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

தங்கை வீதியில் ஐந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள்: அடுத்த மழையில் முளைத்த மூன்றாம் வாரமே எல்லா வாசலிலும் ஒரே நாளில் களையெடுப்பு. ஒரு வீடு மட்டும் பிடுங்கினால் பக்கத்து வீட்டு விதை வந்துவிடுமே!